தோலின் நிறமாற்றமும் டாக்டர் கானோல்கரின் ஆராய்ச்சியும்

மனித உடலின் உறுப்புகளுள் அயலார் கண்ணுக்கும் எளிதில் புலப்படுவது தோல். ஈரலிலோ இரைப்பையிலோ தோன்றும் கோளாறு நெடுநாள் மறைந்திருக்கக் கூடும். முகத்திலோ முழங்கையிலோ தோன்றும் ஒரு புள்ளி அன்றே பிறர் கண்ணில் பட்டுவிடுகிறது. ஆயினும் கண்ணில் படுவது வேறு, கண்டு தெளிவது வேறு. தீங்கற்ற வெளிறலைத் தொழுநோய் என்று அஞ்சிச் சிறுவனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவதும், உண்மையான தொழுநோயைச் சாதாரணத் தேமல் என்று கருதி வாளாவிருப்பதும், உள்ளங்காலில் தோன்றிய கரும்புள்ளியைக் கால் ஆணி என்று எண்ணி வீட்டிலேயே சீவி எறிவதும் நாட்டில் நிகழ்ந்து வருவனவே. முதல் பிழையால் ஒரு சிறுவனின் கல்வி கெடுகிறது. இரண்டாவதால் கைகால்கள் ஊனமுறுகின்றன. மூன்றாவதால் உயிரே போகக் கூடும்.

தோலில் தோன்றும் அடையாளங்களின் உட்பொருளை நுண்ணோக்கியின் துணை கொண்டு ஆராய்ந்த இந்திய மருத்துவ விஞ்ஞானிகளுள் முன்னணியில் வைத்து எண்ணத்தக்கவர் டாக்டர் வசந்த் ராம்ஜி கானோல்கர். தொழுநோய், புற்றுநோய் ஆகிய இரு துறைகளிலும் அவர் ஆற்றிய பணி, களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் அறிந்து பயன்கொள்ளத்தக்க பாடங்கள் பலவற்றைத் தன்னுள் கொண்டது.

வாழ்வும் பணியும்

கானோல்கர் 1895 ஆம் ஆண்டு ஏப்ரல் 13 ஆம் நாள் பிறந்தார். லண்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, 1923 இல் நோய்க்குறியியலில் எம்.டி. பட்டம் பெற்றார். தாயகம் திரும்பிய பின் பம்பாயில் கிராண்ட் மருத்துவக் கல்லூரியிலும் சேத் ஜி. எஸ். மருத்துவக் கல்லூரியிலும் பேராசிரியராகப் பணியாற்றினார். பரேல் பகுதியில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 ஆம் நாள் திறக்கப்பெற்றபோது, அதன் ஆய்வுக்கூடங்களின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

1952 இல் இந்திய அரசின் ஆதரவில் அதே வளாகத்தில் இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் உருவாயிற்று. அதன் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்ற கானோல்கர், 1963 வரை அதனை வளர்த்தார். 1950 முதல் 1954 வரை பன்னாட்டுப் புற்றுநோய் எதிர்ப்புச் சங்கத்தின் தலைவராகவும், 1960 முதல் 1963 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கினார். 1955 இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1963 இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக நியமனம் பெற்றார். 1978 அக்டோபர் 29 இல் காலமானார். அவர் வளர்த்த நிலையம் 1962 இல் அணுசக்தித் துறையின் கீழ் வந்து, 1966 இல் மருத்துவமனையுடன் இணைந்து டாட்டா நினைவு மையம் ஆயிற்று.

பதவிகளின் இந்நீண்ட வரிசையைக் காட்டிலும் கருதத்தக்கது அவர் கையாண்ட முறையே ஆகும். நோயாளியின் தோலிலிருந்து எடுத்த சிறு துணுக்கை நுண்ணோக்கியில் காண்பதோடு அவர் நின்றுவிடவில்லை. அந்த நோயாளி எவ்வூரினர், என்ன உண்கிறார், எதைப் புகைக்கிறார், எவ்வாறு உடுத்துகிறார் என்னும் வினாக்களையும் ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தார்.

நிறம் எவ்வாறு உண்டாகிறது?

அவருடைய ஆராய்ச்சியின் பொருளை அறியத் தோலின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். தோலின் மேலடுக்கினுடைய அடிவரிசையில் நிறமி உயிரணுக்கள் ஆங்காங்கே அமைந்துள்ளன. மரத்தின் கிளைகளைப் போன்ற நீட்சிகளை உடைய இவை, மெலனின் என்னும் கருநிறப் பொருளைச் சிறு மணிகளாக உண்டாக்கி, அண்டை உயிரணுக்களுக்கு வழங்குகின்றன. அம்மணிகள் உயிரணுவின் உட்கருவிற்கு மேல் குடை விரித்தாற்போல் அமைந்து, சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களால் கேடு விளையாமல் காக்கின்றன.

கரிய நிறத்தவருக்கு நிறமி உயிரணுக்கள் மிகுதி என்றும் வெளுத்த நிறத்தவருக்குக் குறைவு என்றும் பலர் எண்ணுகின்றனர். இஃது உண்மையன்று. எவ்வினத்தவராயினும் அவ்வுயிரணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. மெலனின் மணிகளின் அளவிலும் பரவலிலுமே வேறுபாடு உள்ளது. ஒரு மனிதனின் நிறம் அவனது உயர்வு தாழ்வுக்கு அளவுகோல் ஆகாது என்பதை வகுப்பறையில் விளக்க இவ்வுண்மை ஒன்றே போதும்.

நிறமி உயிரணு செயலிழந்தால் தோல் வெளிறும். அழிந்துவிட்டால் பால்போல் வெளுக்கும். அதுவே கட்டுக்கடங்காமல் பெருகினால் மெலனோமா என்னும் கரும்புற்று ஆகும்.

வெளிறிய தேமலும் நரம்பும்

இன்றைய மும்பையின் மாதுங்கா பகுதியில், தமிழர் பெருங்குடியிருப்பாக அது வளர்வதற்கு முன்பே, 1890 இல், வீடற்ற தொழுநோயாளர்க்கான காப்பகம் ஒன்று நிறுவப்பட்டது. அன்றைய நகராட்சி ஆணையர் எச். ஏ. ஆக்வொர்த் அதற்குக் காரணராக இருந்தார். வடாலாவில் இன்றும் இயங்கும் ஆக்வொர்த் நகராட்சித் தொழுநோய் மருத்துவமனை அதன் வழி வந்ததே. தெருவில் கண்டவர்களை அப்புறப்படுத்தி ஓரிடத்தில் வைப்பதே அக்காலத்தில் நகரங்கள் கண்ட பரிகாரம். தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு ஹேன்சன் 1873 இலேயே கண்டறிந்திருந்தார். எனினும் அக்கிருமி உடலினுள் எவ்வாறு தொழிற்படுகிறது என்பது தெளிவாகாமலே இருந்தது.

முற்றிய நோயில் காணும் முடிச்சுகளையும் புண்களையும் விட்டு, நோயின் தொடக்க நிலையில் தோன்றும் வெளிறிய தேமல்களைக் கானோல்கர் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார். அவற்றிலிருந்து எடுத்த துணுக்குகளில், தோலினுள் ஓடும் நுண்ணிய நரம்பிழைகளில் கிருமிகள் தங்கியிருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். இம்முடிவுகள் 1951 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தனி அறிக்கையாக வெளிவந்தன. தோலில் காணும் நிறமாற்றம் வெளி அடையாளமே. நோயின் உறைவிடம் நரம்பு என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. நரம்பிழைகளைச் சூழ்ந்துள்ள ஷ்வான் உயிரணுக்களே கிருமியின் முதன்மையான இருப்பிடங்களுள் ஒன்று என்று இன்றைய விஞ்ஞானம் கூறுகிறது.

இவ்வுண்மை களப்பணியாளருக்குத் தரும் பயன் பெரிது. நரம்பு பாதிக்கப்படுவதால் அவ்விடத்தில் தொடு உணர்ச்சி குறைகிறது. ஆகவே, தேமலைக் கண்ணால் பார்ப்பதோடு அமையாமல் தொட்டுச் சோதிக்க வேண்டும். பஞ்சுத் திரியின் நுனி போதும். முதலில் நோயாளியின் கண்முன் தொட்டுக் காட்டி, செய்யவேண்டியதை விளக்க வேண்டும். பின்னர்க் கண்களை மூடச் செய்து, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்ல வேண்டும். தேமலில் தொட்டபோது அவரால் காட்ட இயலாவிடின், உடனே மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். முகத்தில் தோன்றும் தேமலில் உணர்ச்சி கெடாதிருக்கலாம் என்பதையும், கிருமிகள் மிகுந்த வகைத் தொழுநோயில் உணர்ச்சியிழப்பு முதலில் தோன்றாமல் காது மடல் தடித்தல், தோல் மினுமினுத்தல் முதலியன தோன்றலாம் என்பதையும் மறத்தலாகாது.

பரேல் ஆய்வுக்கூடமும் செங்கற்பட்டு மாவட்டமும்

1958 இல் பாபட், ரணதிவே, கானோல்கர் ஆகிய மூவரும், தொழுநோயாளரின் உடலிலிருந்து பிரித்தெடுத்த ஒரு கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து அறிவித்தனர். நிலையத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் அஃது ஐ.சி.ஆர்.சி. கிருமி என வழங்கப்பெற்றது. அது தொழுநோய்க் கிருமியே அன்று, அதற்கு உறவான வேறொரு கிருமி என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. உண்மையான தொழுநோய்க் கிருமியைச் செயற்கை ஊட்டத்தில் வளர்ப்பது இன்றளவும் கைகூடவில்லை.

ஆயினும் அம்முயற்சி வீண்போகவில்லை. அக்கிருமியைக் கொண்டு தடுப்பூசி ஒன்று உருவாக்கப்பட்டது. பழைய செங்கற்பட்டு மாவட்டப் பகுதியில் 1991 இல் தொடங்கிய பெரும் பரிசோதனையில் அது மற்றத் தடுப்பூசிகளுடன் ஒப்பிடப்பட்டது. 1998 இல் வெளியான முடிவின்படி, ஐ.சி.ஆர்.சி. தடுப்பூசி 65.5 சதவீதமும், பி.சி.ஜி.யுடன் கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியைச் சேர்த்த ஊசி 64 சதவீதமும், பி.சி.ஜி. மட்டும் 34.1 சதவீதமும் பாதுகாப்பு அளித்தன.

தாராவியில் தேடிச் சென்ற பணி

ஆய்வுக்கூடத்தில் கண்டது வீதிக்கு வந்தாலன்றி மக்களுக்குப் பயனில்லை. 1976 இல் டாக்டர் ஆர். கணபதி தொடங்கிய பம்பாய்த் தொழுநோய்த் திட்டம், செம்பூருக்கு அணித்தான சயான்–சுனாபட்டிப் பகுதியிலிருந்து இயங்கி, தாராவி முதலிய நெருக்கமான குடியிருப்புகளில் நோயாளரைத் தேடிச் சென்றது. சுற்றுச்சுவருக்குள் நோயாளரை அடைத்த 1890 ஆம் ஆண்டின் முறை நீங்கி, அவரவர் வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையும் முறை வந்தது.

இதற்குத் துணை நின்றது 1981 இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை. நோயின் வகைக்கு ஏற்ப 6 மாதமோ 12 மாதமோ மருந்துண்டால் நோய் குணமாகும். இம்மருந்துகளுள் ஒன்றான குளோஃபசிமின் தோலுக்குச் செம்மை கலந்த கருமையை ஏற்றும். நோய் முற்றிவிட்டது என்று அஞ்சியோ, அயலார் வினவுவர் என்று நாணியோ மருந்தை நிறுத்திவிடுவோர் உண்டு. மருந்து முடிந்தபின் சில மாதங்களில் அக்கருமை படிப்படியாக மறையும் என்பதை முதல் நாளிலேயே கூறிவிடுதல் களப்பணியாளரின் கடமை.

2005 ஆம் ஆண்டு இறுதியில், பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் நிலையை நாடு எய்தியது. எனினும் புதிய நோயாளர் ஆண்டுதோறும் கண்டறியப்படுகின்றனர். எண்ணிக்கை குறைந்ததனால் நோயைக் காணும் பழக்கமும் குறைந்துவிடலாகாது.

வெண்புள்ளி: பெயரால் வந்த இழுக்கு

தோல் பால்போல் வெளுத்துவிடும் நிலையைத் தமிழ்நாட்டில் நெடுங்காலம் வெண்குஷ்டம் என்றே வழங்கினர். அப்பெயர் ஒன்றே பல குடும்பங்களின் வாழ்வைக் குலைத்திருக்கிறது. அதற்கும் தொழுநோய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. உடலின் பாதுகாப்புப் படையாகிய நோய் எதிர்ப்பு உயிரணுக்கள், பகைவர் என்று மயங்கித் தம் உடலின் நிறமி உயிரணுக்களையே அழிப்பதனால் இது நேர்கிறது. கிருமி இல்லை, தொற்றுதல் இல்லை. உடன் உண்பதாலும் உடன் உறங்குவதாலும் பரவுவதில்லை. வெண்புள்ளி என்னும் பெயரே இதற்குப் பொருத்தமானது.

வேறுபாடு அறிதல் கடினமன்று. வெண்புள்ளியில் நிறம் சுண்ணாம்பு போல் முற்றும் வெளுக்கும். உணர்ச்சி சிறிதும் குறையாது. சில வேளைகளில் அங்குள்ள மயிரும் நரைக்கும். தொழுநோய்த் தேமல் வெளிறியோ சிவந்தோ காணும், முற்றும் வெளுக்காது, உணர்ச்சியும் வியர்வையும் குன்றும். காளானால் உண்டாகும் சாதாரணத் தேமலில் மெல்லிய செதில் உதிரும், உணர்ச்சி இருக்கும்.

சித்த மருத்துவத்தில் வெண்புள்ளிக்குக் கார்போகரிசி நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வருகிறது. அவ்விதையில் உள்ள சோராலென் வகைப் பொருள்கள், ஒளி படும்போது தோலில் நிறத்தைத் தூண்டுவன. எகிப்து நாட்டு மருத்துவர் எல் மோஃப்டி, தம் நாட்டுச் செடியொன்றிலிருந்து எடுத்த இவ்வகைப் பொருளை 1940களில் வெண்புள்ளிக்குப் பயன்படுத்திக் காட்டினார். அளவு மிஞ்சினால் தோல் வெந்து கொப்புளிக்குமாதலின், மருத்துவரின் மேற்பார்வை இன்றி இதனைக் கையாளுதல் தகாது.

வேட்டி கட்டும் இடத்தில் ஒரு புற்று

கானோல்கரும் சூரியாபாயும் 1945 இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை, இந்திய மக்களின் பழக்கவழக்கங்களுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. அதில் விவரிக்கப்பட்டவற்றுள் ஒன்று, வேட்டியை இடுப்பில் இறுக்கிக் கட்டுவோருக்கு அவ்விடத்திலேயே தோன்றும் தோற்புற்று. காச்மீரத்தில் கணப்புச் சட்டியாகிய காங்கிரியை ஆடைக்குள் வைத்துக் குளிர்காய்வோரின் தொடையிலும் வயிற்றிலும் புற்றுத் தோன்றுவது முன்பே அறியப்பட்டிருந்தது. அங்கு நெருப்பின் வெம்மை காரணம். இங்கு ஆடையின் ஓயாத உராய்வு காரணம்.

இந்நோய் ஒரே நாளில் தோன்றுவதன்று. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் இறுக்கம் படுவதால், இடுப்பைச் சுற்றித் தோல் கறுத்தோ வெளுத்தோ பட்டையாகத் தழும்பேறும், பின்னர்ச் செதில் உதிரும், வெடிப்புண்டாகும், ஆறாத புண்ணாகும், இறுதியில் சிலருக்குப் புற்றாகும். சேலைக்குள் அணியும் பாவாடையின் நாடாவாலும் இதுவே நேர்கிறது. மகாராஷ்டிரத்திலும் பீகாரிலும் முதிய பெண்டிர் இருவருக்கு இவ்வாறு புற்று உண்டானதை மருத்துவர்கள் 2024 இல் ஓர் ஆங்கில மருத்துவ இதழில் வெளியிட்டனர். 1945 இல் கண்ட உண்மை எண்பது ஆண்டுகளாகியும் கிராமங்களை எட்டவில்லை என்பதையே இது காட்டுகிறது. நாடாவிற்கு மாறாக அகன்ற பட்டை வைத்துத் தைத்தலும், முடிச்சின் இடத்தை மாற்றிக்கொள்ளுதலும், இரவில் தளர்த்திக்கொள்ளுதலும் செலவில்லாத தடுப்பு முறைகள். ஆறாத புண் இருப்பின் மருத்துவரை நாடவேண்டும்.

உள்ளங்காலில் கரும்புள்ளி

நிறமி உயிரணுவே புற்றாக மாறும் மெலனோமா, வெண்ணிறத்தோர் மிகுந்த ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பெருவழக்காக உள்ளது. அங்கே சூரிய ஒளியே முதற்காரணம். இந்தியரிடத்தில் அது மிக அரிது. மெலனினின் காப்பு அதற்கு ஒரு காரணம். ஆனால் அரிது என்பதால் இல்லை என்று கொள்ளலாகாது. இந்தியரிடத்தில் அது பெரும்பாலும் தோன்றும் இடங்கள் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி முதலியன. ஒளி மிகுதியாகப் படாத இடங்கள் இவை. ஆதலால் ஒருவரும் ஐயுறுவதில்லை. கால் ஆணி என்றும், முள் தைத்த புண் என்றும், நகச்சுற்று என்றும் கருதிப் பல மாதங்களைக் கழித்துவிடுகின்றனர். அதற்குள் நோய் அக்குளிலோ தொடையிடுக்கிலோ உள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் அப்பாலும் பரவிவிடுகிறது. மெல்லியதாக இருக்கும்போதே அறுத்து நீக்கினால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி.

புதிதாகத் தோன்றி வளரும் கரும்புள்ளி, ஒழுங்கற்ற விளிம்பு, ஒரே புள்ளியில் பல நிறங்கள், குருதி கசிதல், நகத்தில் நாளுக்கு நாள் அகலும் கருங்கோடு, அக்கருமை நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் பரவுதல் ஆகியவை எச்சரிக்கைகள். இவற்றைச் சீவுதலும் சுடுதலும் மருந்திட்டு அரித்தலும் கூடா.

வெண்புள்ளியும் கரும்புற்றும் ஒரே உயிரணுவின் இருவேறு கதைகள் எனலாம். கரும்புற்றுக்கு நோய் எதிர்ப்பைத் தூண்டும் இன்றைய சிகிச்சை பெறுவோரிற் சிலருக்கு உடலில் வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. உடலின் காவற்படை நிறமி உயிரணுக்களை இனங்கண்டு தாக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அஃது அறிகுறியாதலின், மருத்துவர்கள் அதனை நற்குறியாகவே கருதுகின்றனர்.

ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்கவை

தோல் நோய்களில் உடலைவிட மிகுதியாகப் புண்படுவது மனம். தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்ற சட்டப்பிரிவுகள் 2019 இல்தான் நீக்கப்பட்டன. சட்டம் மாறிவிட்டது, வழக்கில் உள்ள சொற்கள் முற்றும் மாறவில்லை. வகுப்பில் வெண்புள்ளி உடைய மாணவர் இருப்பின், அவரைத் தனியே அமர்த்தாமல் மற்றவரோடு அமர்த்துதலும், அது தொற்றாது என்பதைப் பாடத்தின் போக்கிலேயே விளக்குதலும் ஆசிரியர் ஆற்றும் மருத்துவம். வெளிறிய தேமலைக் கண்டால் பலர் முன் வினவாமல் தனியே அழைத்துப் பேசிப் பெற்றோருக்குத் தெரிவித்தல் நலம். களப்பணியாளர் வீடுதோறும் செல்லும்போது, பஞ்சுத் திரியால் உணர்ச்சியைச் சோதித்தலோடு, முதியோரின் இடுப்பையும் உள்ளங்காலையும் பற்றி இரண்டு வினாக்கள் கேட்டல் போதும்; அதற்குச் சில நிமிடங்களே செல்லும்.

கானோல்கருக்குக் கருவியாக நின்றது நுண்ணோக்கி. கிராமத்துப் பணியாளரிடம் உள்ளவை ஒரு பஞ்சுத் திரியும், கேட்கும் பொறுமையும். நிறத்தைக் கண்டு அஞ்சாமல், அது தோன்றிய காரணத்தை வினவுவதே இருவருக்கும் பொதுவான முறை. அம்முறை பரவுமளவுக்கு, காலத்தே காணாமையால் ஊனமுறுவோரின் தொகையும் வீண் அச்சத்தால் ஒதுக்கப்படுவோரின் தொகையும் குறையும்.